வெளியிலிருந்து தட்டியவர்கள்: ஏழு நாள் பயணக் குறிப்புகள்

நாள் 1: தரங்கம்பாடி

விடியும் முன்பே சென்னையிலிருந்து கிளம்பிவிட்டோம். கார் அண்ணாச்சியுடையது, ஓட்டுவது நான். அவர் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நெல்லைப் பக்கம். எங்கள் சபைக் கமிட்டியில் மூத்தவர். போன மாதக் கூட்டத்தில் 'சபைக்கு வெளியே உள்ளவர்களுக்கான ஊழியம்' என்ற பொருள் மூன்றாவது முறையாகப் பேசப்பட்டு, மூன்றாவது முறையாக உபகமிட்டிக்குத் தள்ளப்பட்டது. உபகமிட்டி என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, கூட்டம் போட்டது போதும். முன்னாடி போனவங்க போன இடத்தையாவது பாத்துட்டு வருவோம்."

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிறு. வாசலில் நின்று ஆராதனைத் தாள் கொடுக்கும் முறை என்னுடையது. ஒரு திருநங்கை வந்தார். நல்ல பருத்திப் புடவை, தலையில் முக்காடு. தாளைக் கொடுத்தேன். "இப்படி உட்காருங்கம்மா, காத்து வரும்" என்று கடைசிப் பெஞ்சைக் காட்டினேன். அங்கே மின்விசிறி இருந்தது உண்மைதான். ஆனால் நான் காட்டியது மின்விசிறிக்காக அல்ல. திருவிருந்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார். இதை இதுவரை அண்ணாச்சியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது உங்களிடமும்.

சரி, ஊருக்கு வருவோம். தரங்கம்பாடிக் கோட்டையை டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது 1620இல். சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு மிஷனெரிகள் கரையிறங்கியது 1706 ஜூலை 9. இடையில் உள்ள எண்பத்தாறு வருடமும் இங்கே கிறிஸ்தவர்கள் இல்லாமல் இல்லை. கோட்டைக்காரர்களுக்குப் பாதிரியார் இருந்தார். 1701இல் சீயோன் ஆலயமும் வந்துவிட்டது. அது டேனிஷ்காரர்களுக்கான கோயில். சமையலறையிலும் கிடங்கிலும் வேலை செய்த அடிமைகள் அதில் கணக்கில்லை.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பித்தான் இந்த இரண்டு ஜெர்மானியர்களும் வந்தார்கள். அப்படியும் இங்கிருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கு இவர்கள் வேண்டாத விருந்தாளிகள். வியாபாரம் ஒழுங்காக நடக்கும் இடத்தில் எதற்கு வம்பு? வந்த பத்தே மாதத்தில், 1707 மே 12 அன்று, முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து அடிமைகள். 1708இல் ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டதும் ஒரு காரணமாகி, ஆளுநர் சீகன்பால்க்கைக் கோட்டையிலேயே நான்கு மாதம் அடைத்து வைத்தார். அடைத்தவர் கிறிஸ்தவர், அடைபட்டவரும் கிறிஸ்தவர். அண்ணாச்சி கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெளியாள் அடிச்சா ரத்த சாட்சி. உள்ளாள் அடிச்சா நிர்வாகம்" என்றார்.

எனக்குப் பிடித்தது வேறு. வந்த புதிதில் சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். அப்புறம் தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார். நீங்கள் ஏன் எங்கள் மார்க்கத்துக்கு வரத் தயங்குகிறீர்கள் என்பது அவற்றில் ஒன்று. பதில்கள் ஒளிவுமறைவில்லாமல் வந்தன: நீங்கள் குடிக்கிறீர்கள், மாட்டைக் கொல்கிறீர்கள், சுத்தபத்தம் கிடையாது, உங்கள் நடத்தையைப் பார்த்து எப்படி வருவது? தொண்ணூற்றொன்பது கடிதங்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலும் எழுதி அனுப்பினார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பெரியவர்கள், அந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதன் கதைகளை இங்கே பரப்ப அல்ல என்ற தோரணையில் மூடி வைத்துவிட்டார்கள். அது அச்சேறியது 1867இல். ஆள் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப் போகிற நேரம்.

அவர் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே, பீடத்தருகே இருக்கிறது. 1718இல் ஆலயப் பிரதிஷ்டை, 1719 பிப்ரவரியில் மரணம். சீயோன் ஆலயமும் இதே ராஜா வீதியில்தான். ஒரு தெருவில் இரண்டு கோயில், ஒன்று 'நமக்கு', ஒன்று 'அவர்களுக்கு'.

'அவர்கள்' கோயிலுக்குள்ளும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். பிறகு உபதேசியாராகப் பேர் வாங்கிய ராஜநாயக்கனுக்கும் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. பறையர் என்பதால் அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற கணக்கில் அது நின்றுபோனது. வேலியைத் தாண்டி வந்தவர்கள் உள்ளே வந்ததும் இன்னொரு வேலி போட்டுக்கொண்டார்கள். இந்த ஏழு நாளும் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

நாள் 2: திண்டிவனம் வழியாக வேலூர்

திண்டிவனத்தில் நாங்கள் தேடியது ஒரு வீட்டைக்கூட அல்ல, ஓர் இரவை. 1890களின் தொடக்கம். அமெரிக்காவில் படித்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், நோயாளியான தாயைப் பார்க்க வந்திருந்தார். இங்கே தங்கும் எண்ணமே இல்லை. தாத்தா, அப்பா, சித்தப்பா என்று குடும்பமே மிஷன் ஊழியம். அது போதும், நமக்கு வேறு வாழ்க்கை என்றிருந்தவர்.

அந்த ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவருக்கும் ஒரே விஷயம்: வீட்டில் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். ஐடாவின் அப்பா மருத்துவர்தான், வரத் தயார். ஆனால் ஆண் மருத்துவர் உள்ளே வரக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். எனக்கு வைத்தியம் தெரியாதே என்றார் ஐடா. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். காலையில் பறை கேட்டது.

மிஷன் பண்டிகைகளில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் 'தேவனுடைய அழைப்பு' என்ற தலைப்பில்தான் சொல்வார்கள். அது தவறில்லை. ஆனால் காரில் போகும்போது அண்ணாச்சி ஒன்றைக் கேட்டார்: "தட்டினது யாரு தம்பி? சபையா போய்த் தட்டிச்சு? அவங்கதான வந்து தட்டுனாங்க." அதற்கப்புறம் ஆரணி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பம். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நடுவில், மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காக வாராவாரம் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம். மாட்டு வண்டியில் தொடங்கி, 1909இல் பெஜோ கார் வந்தது. காரைப் பார்த்துப் பேய் வருகிறது என்று ஓடினார்களாம்.

இன்று, அது வளர்ந்து உருவான சிஎம்சி மருத்துவமனையின் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். வங்காளி, அசாமிய மொழி, இந்தி எல்லாம் காதில் விழுகிறது. சுற்றியுள்ள தெருக்களின் விடுதிப் பலகைகளில்கூட வங்காள எழுத்து. தொடங்கியவர்கள் கற்பனை செய்திராத கூட்டம் இது.

நாள் 3: கரிகிரி

அண்ணாச்சிக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. எம்சிஆர் செருப்புதான் போடுவார். நீல நிறம், மெத்தென்ற ரப்பர், பட்டை வைத்தது. "டாக்டர் சொன்னாரு, போட்டேன்" என்பதைத் தாண்டி அதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

வேலூர் பக்கத்தில் உள்ள கரிகிரித் தொழுநோய் மையத்தில் தெரிந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும் என்று அலைந்து, இந்த ரப்பரைச் செருப்பாக்கியதில் வேலூருக்கும் கரிகிரிக்கும் பெரிய பங்கு உண்டு. அப்போது அது சர்க்கரைக்காரர்களுக்காக அல்ல, தொழுநோயாளிகளுக்காக. அண்ணாச்சி ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதிகம் பேசும் மனிதர். அப்போது எதுவும் பேசவில்லை.

பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்த எலும்பு மருத்துவர். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, என் கையை அழுத்துங்கள் என்றார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி. அழுத்தியவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் இவ்வளவு வலுவான தசை இருக்கிறதே என்று அங்கே தொடங்கியது வேலை. சதை அழுகி விழுவது நோயால் நேரடியாக அல்ல, வலி தெரியாததால் படும் காயங்களால் என்பதை அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். சூடான பாத்திரம், பூட்டில் திருகும் சாவி. சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல் போனது. காவல் இருந்து பார்த்தால், எலி. அதிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

மிஷன் மருத்துவமனை என்பதால் தொழுநோயாளிகளுக்குக் கதவு திறந்திருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்களைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அங்கேயும் இருந்தது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு 1951இல் மண் குடிசைகள் கட்டி, நவ ஜீவ நிலையம் என்று பேர் வைத்தார்கள். கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? கையைச் சரிசெய்துகொண்டு ஊர் போனவர்கள் திரும்பி வந்து பிராண்டிடம் சண்டை பிடித்தார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது, நிமிர்ந்த கைக்கு யாரும் போடவில்லை, வேலை கொடுக்கவும் ஆள் இல்லை, இனி நான் எப்படிப் பிழைப்பது? நம்முடைய எந்த ஊழிய அறிக்கையிலும் இப்படி ஒரு வரியை நான் படித்ததில்லை. உதவி பெற்றவர் வந்து, உன் உதவி என் பிழைப்பைக் கெடுத்தது என்று சொல்லும் வரி.

கரிகிரி மையம் 1955இல் தொடங்கியபோது பொட்டல் காடு. இப்போது மரம் மரமாக நிற்கிறது. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் எர்னெஸ்ட் பிரிட்ஷி என்ற அறுவை மருத்துவர். வெளியே வந்து நிழலில் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, சேலம் வரை ஒரே ஓட்டம்.

நாள் 4: கொல்லிமலை

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பதுபோல் இருந்தார். ஜெபித்தாரா, குமட்டலை அடக்கினாரா தெரியாது.

1914இல் பிறந்த பால் பிராண்ட் குழந்தையாக வளர்ந்தது இந்த மலையில்தான். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். திருமணம் முடிந்த கையோடு மலையேறியவர்கள். அப்போது சாலை கிடையாது. காய்ச்சல் மலை என்று கீழே இருப்பவர்கள் பயந்த இடம். ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றி வெளியே எடுத்தார், மரவேலை கற்றுக்கொடுத்தார், வட்டிக்காரர்களோடு மல்லுக்கு நின்றார். மக்கள் மருந்துக்கு வந்தார்கள், சபைக்கு வரவில்லை. வருடக்கணக்கில் ஒருவர்கூட இல்லை. மலைப் பூசாரி ஒருவர் எதிர்ப்பில் முன்னால் நின்றார்.

பிறகு விஷக்காய்ச்சல் பரவியது. பூசாரி படுத்தார், பயத்தில் பக்கத்தில் யாரும் வரவில்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் போனார்கள். சாகும்முன் அந்த மனிதர் தன் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதில் ஒன்று கைக்குழந்தை. ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். இங்கேயும் பாருங்கள், கதவு உள்ளே இருந்து திறக்கவில்லை.

ஜெஸ்ஸி 1929இல் கறுநீர்க் காய்ச்சலில் இறந்தார். வாழவந்தியில் அடக்கம் செய்தார்கள். ஈவ்லின் கதை அதற்கப்புறம்தான் சூடுபிடிக்கிறது. அறுபத்தெட்டு வயது நெருங்கியபோது, மிஷன் சங்கம் இனி ஓய்வெடுங்கள் என்றது. ஒரே ஒரு வருடம் மலையில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கினார். வருடம் முடிந்தது. பிரிவுபசாரக் கூட்டத்தில் எழுந்து, சங்கத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலையிலிருந்து அல்ல என்று சொல்லிவிட்டார். கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று குதிரையிலும் கைத்தடி ஊன்றியும் அலைந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது, அப்படியும் நிற்கவில்லை. தன் குடிசையில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லையாம். 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கணவர் பக்கத்தில் இங்கேயே அடக்கமானார்.

எங்கள் கமிட்டியில் அறுபது வயதானவர்களை ஆலோசகர் ஆக்கிவிடுவோம். ஆலோசகர்களுக்கு எதுவும் சொல்ல மாட்டோம். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஆலோசகர்.

கல்லறைகளுக்கு முன்னால் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. குடையைக் காரிலேயே விட்டுவிட்டோம்.

நாள் 5: வழியில்

இன்று எழுத எதுவும் இருக்காது என்று நினைத்தேன். திருநெல்வேலி போக வேண்டும், அவ்வளவுதான். மதுரைக்கு முன்பே கார் சூடேறி நின்றது. நேற்றைய வளைவுகளின் பலன். சாலையோரப் பட்டறை ஒன்றில் இரண்டு மணி நேரம்.

மெக்கானிக் ரேடியேட்டர் குழாயைக் கழற்றிக்கொண்டே எங்கே போய் வருகிறீர்கள் என்றார். சொன்னோம். "எங்க தெருவுக்கும் மாசம் ஒருக்கா உங்காளுங்க வருவாங்க" என்றார். "மைக்கு வச்சுப் பாடுவாங்க, நோட்டீஸ் கொடுப்பாங்க, வேன் ஏறிருவாங்க. நல்ல ஆளுங்கதான். ஆனா ஒரு நாளும் ஒருத்தரும் உக்காந்து ஒரு டீ குடிச்சதில்ல." குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

தொண்ணூற்றொன்பது கடிதத்தோடு இதையும் சேர்த்தால் நூறு.

அண்ணாச்சி உடனே எழுந்துபோய் மூன்று டீ சொன்னார். மெக்கானிக் சிரித்துவிட்டார். டீ முடியும்வரை யாரும் வேதம் பேசவில்லை. தெர்மோஸ்டாட்டைப் பற்றித்தான் பேசினோம்.

நாள் 6: டோனாவூர்

களக்காடு வழியாகப் போனால் மேற்கே மலை கூடவே வருகிறது. டோனாவூர் என்ற பேர் டோனா என்ற ஜெர்மன் பிரபுவால் வந்தது. அவர் கொடுத்த பணத்தில், ரேனியஸ் என்ற மிஷனெரியின் காலத்தில் உண்டான கிறிஸ்தவ ஊர். அந்த ரேனியஸையும் 1835இல் அவருடைய சங்கமே வெளியே அனுப்பியது. இந்தப் பயணத்தில் சங்கத்தோடு சண்டை போடாத ஒருவரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி இங்கே குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் உள்ளே விட்டார்கள். ஏமி இந்தியா வந்தது 1895இல். புடவை கட்டி, பொன்னம்மாள் முதலிய பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். அதுதான் தன் வேலை என்று இருந்தார். 1901 மார்ச்சில், சில நாளுக்காகப் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்த நேரம். தேவதாசி ஆக்குவதற்காக விடப்பட்ட ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று பெருங்குளம் கோயில் வீட்டிலிருந்து ஓடிவந்தது. அதன் பேர் பிரீனா. அதற்கு முன்பும் ஒரு தடவை தூத்துக்குடிக்கு, அம்மாவிடம் ஓடியிருக்கிறது. அம்மா திருப்பி அனுப்பினார். தண்டனையாகக் கையில் சூடு வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ஒரு கிறிஸ்தவப் பெண் அதைப் பார்த்து, மறுநாள் காலை ஏமியிடம் கூட்டிவந்தார். குழந்தை நேரே போய் மடியில் ஏறிக்கொண்டது.

ஏமி குழந்தையைத் தேடிப் போகவில்லை. குழந்தைதான் ஏமியைத் தேடி வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தேடிப் போனார். ஊர் ஊராகப் போவதை நிறுத்தி, பால் காய்ச்சுவதும் நகம் வெட்டுவதும் வேலையானது. இதெல்லாம் ஊழியமா என்று கேட்டவர்கள் சக மிஷனெரிகள். கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினார், வாசகர்களுக்கு உற்சாகமாக இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவை விட்டே அவரை அனுப்ப வேண்டும் என்றுகூட ஒரு பேச்சு நடந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். அதற்காகச் சட்டமன்றத்தில் வாதாடியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். இதையும் நம் மிஷன் பண்டிகைகளில் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

1931இல் களக்காட்டில் மருந்தகத்துக்காகப் பிடித்த வீட்டைப் பார்க்கப் போய், இருட்டில் வெட்டியிருந்த குழியில் விழுந்தார். அதன்பின் இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறைக்குள். 1951இல் மறைவு. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மரத்தடியில் பறவைகள் குளிக்கும் கல்தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் 'அம்மை' என்று ஒரே சொல். நாங்கள் நின்றபோது தவிட்டுக்குருவி ஒன்று வந்து, எங்களைச் சட்டை செய்யாமல் முழுக்குப் போட்டது.

நாள் 7: வடக்கன்குளம், மயிலாடி

வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். 1872இல் முடிந்த கட்டடம். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கைகளாகப் பிரியும் கூடம். ஒரு பக்கம் பிள்ளை, முதலி கிறிஸ்தவர்கள், மறுபக்கம் நாடார் முதலிய மற்றவர்கள். நடுவில் சுவர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைப் பார்க்கும் ஏற்பாடு. 1910இல் பங்குக் குரு கௌசானல் சுவரை இடித்தார். சுவர் திரும்ப வேண்டும் என்று பிள்ளைமாரும் முதலிமாரும் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றம் வரை போன வழக்கு தோற்றது.

இதே ஊரில்தான் தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்தவர், சாதி பாராமல் பழகியவர். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம். அந்தப் பட்டத்துக்கு முன்பு அவர் பேரிலிருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டது. நாங்கள் சிஎஸ்ஐக்காரர்கள், புராட்டஸ்டண்டுகள், இது கத்தோலிக்கர் கதை என்று தள்ளிவிடலாம். கடைசிப் பெஞ்சு எந்தச் சபையில் இல்லை?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி 1806 ஏப்ரல் 25 அன்று இந்த வழியாகத்தான் திருவிதாங்கூருக்குள் வந்தார். ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மயிலாடியைச் சேர்ந்த மகராசன், சாம்பவர். கோயில் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாத சாதி. மன நிம்மதி தேடிச் சிதம்பரத்துக்கு நடந்தே போனார். வழியில் தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில் கோல்ஹாஃப் என்ற மிஷனெரி பேசியதைக் கேட்டு, வேதமாணிக்கமாகத் திரும்பினார். ஊரில் தாமே ஆள் சேர்த்தார், எங்களுக்கு ஒரு மிஷனெரியை அனுப்புங்கள் என்று கேட்டுக் காத்திருந்தார். வருடக்கணக்கில் காத்திருந்தார். வந்தவர் ரிங்கல்தௌபே. கோட்டு கிடையாது, சம்பளத்தைக் கொடுத்துவிடுவார், லாபத்துக்காக ஞானஸ்நானம் கேட்பவர்கள்மேல் எரிந்து விழுவார். 1809இல் கோயில் எழும்பியது. 1816இல் உடம்பு முடியாமல் கிளம்பியவர், எங்கே இறந்தார் என்பதே தெரியாமல் மறைந்துபோனார். அடுத்த மிஷனெரி வரும்வரை சபையை நடத்தியவர் வேதமாணிக்கம்தான்.

மாலை ஐந்தரை. கோயிலில் இருந்து வெளியே வந்தோம். மயிலாடி கல் தச்சர்கள் ஊர். தெருவெல்லாம் உளிச் சத்தம். ஒரு பட்டறையில் கல்லறைப் பலகை ஒன்றில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நின்று வேடிக்கை பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன தம்பி?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றேன். ஏழு நாளாகப் பிரீனா, ரூத், வேதமாணிக்கம், ராஜநாயக்கன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திண்டிவனத்து மூன்று பெண்களின் பேரும் தெரியவில்லை, இவர் பேரும் தெரியவில்லை.

எங்கள் கோயில்குட்டிக்கு ஃபோன் போட்டேன். இருபது வருடமாக மணி அடிப்பவர். இப்படி இப்படி ஒருவர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"சாந்தியா சார்? ரயில்வே கேட்டுக்குப் பின்னாலதான இருக்கு. போன கிறிஸ்துமஸ் விடியக்காலை ஆராதனைக்கும் வந்துச்சே. வெளியே வேப்ப மரத்தடியில உக்காந்திருந்துச்சு. நான்தான் நாற்காலி போட்டேன். நீங்க பாக்கலையா?"

அன்று காலை நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.

நம்பர் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் அதைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் சார் என்றார். சரி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று வைத்தேன். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை பதில் வரவில்லை. இப்போது இரவு பத்தரை. ஃபோனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.